கிறிஸ்துமஸ் காலுறைக்குள் போட கிளிசரின் சோப்பு: உருக்கி ஊற்றும் பேஸ் எப்படி?

காலுறையின் நுனியை நிரப்பச் செலவு குறைந்த கைவேலைப் பரிசு வேண்டுமென்றால், கடையில் கட்டியாகக் கிடைக்கும் கிளிசரின் சோப்பு பேஸை (உருக்கி அச்சில் ஊற்றவேண்டிய மூலக்கட்டியை) நம்பி வாங்கலாம். காரம் (காஸ்டிக் சோடா) கலக்கும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டதால் வீட்டில் அந்த ஆபத்தில்லை. 1 கிலோவில் 50 கிராம் சோப்பு 20 வரும்.

சிறு துண்டுகளாக நறுக்கி, மைக்ரோவேவில் 30 விநாடி, கிளறல், மறுபடி 30 விநாடி என்று உருக்குங்கள். கொதிக்க விட்டால் நீர் வற்றி, சோப்பு ரப்பர் போலாகிவிடும். கொஞ்சம் ஆறியபின் வாசனை எண்ணெய் சேருங்கள். 100 கிராமுக்கு 2 மில்லி தாராளம். சூட்டோடு ஊற்றினால் மணம் பறந்துவிடும். சிலிக்கான் அச்சில் ஊற்றியதும் மேலே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (கிருமிநாசினியாகப் பயன்படும் திரவம்) தெளித்தால் குமிழி அடங்கும்.

உலர்ந்த ஆரஞ்சுத் தோல், பூவிதழ் எல்லாம் படத்தில்தான் அழகு. சில நாளில் பழுப்பேறும். நிறத்துக்கு மினுமினுக்கும் மைக்கா தூள் போதும், அதுவும் ஒரு சிட்டிகை.

பெரிய குறை, வியர்ப்பது. கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் மேலே முத்து முத்தாய் நீர் கோக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் மோசம். இறுகியவுடனே கிளிங் ஃபிலிமில் இறுக்கச் சுற்றிவிடுங்கள். சாக்லேட்டோடு ஒரே காலுறையில் போடாதீர்கள்; சாக்லேட்டில் சோப்பு வாசனை ஏறிவிடும்.