பவளத் தொட்டியின் நைட்ரேட்டைக் குறைக்கும் பயோபெல்லட் ரியாக்டர்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

நான் பராமரிக்கும் 300 லிட்டர் பவளத் தொட்டியில், எப்போது சோதித்தாலும் மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட் 28 முதல் 35 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை இருந்துகொண்டிருந்தது. ஒரு நாளில் மூன்று வேளை தீனி தேவைப்படும் ஐந்து ஆந்தியாஸ் மீன்களும் ஒரு மஞ்சள் டாங் மீனும் அதில் இருப்பதால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 பிபிஎம் வீதம் நைட்ரேட் சேர்ந்துவந்தது. வாரந்தோறும் 20 விழுக்காடு தண்ணீரைத் தவறாமல் மாற்றியும் ஏன் குறையவில்லை என்பது, தாளில் கணக்குப் போட்ட பிறகே விளங்கியது. வாரத்துக்கு 7 பிபிஎம் சேரும் தொட்டியில், அளவு 35-ஐத் தொடும்போது ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் வெளியேறுவதும் அதே 7தான்; வரவும் செலவும் அங்கே சமமாகிவிடுவதால், எத்தனை மாதங்கள் மாற்றினாலும் அளவு 28-க்குக் கீழே இறங்காது. அக்ரோபோரா பவளங்கள் நிறம் மங்கிப் பழுப்பாகிக்கொண்டிருந்த நிலையில்தான் பயோபெல்லட் ரியாக்டர் ஒன்றை வாங்கினேன்.

இத்தகைய கருவியை வாங்குமுன் சோதனைக் கிட் காட்டும் எண்ணின் பொருளை உறுதிசெய்துகொள்வது நல்லது. சில கிட்கள் நைட்ரேட்டை அதிலுள்ள நைட்ரஜனின் அளவாகவே காட்டும், அதை 4.43-ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட்டின் அளவு கிடைக்கும். நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி அளக்கும் கிட்களில், தண்ணீரில் ஏற்கெனவே சிறிதளவு நைட்ரைட் இருந்தாலும் நைட்ரேட் மிக அதிகமாகத் தெரியும்.

கருவியின் அமைப்பு எளிமையானது. ஒளி ஊடுருவும் அக்ரிலிக் உருளைக்குள், பாக்டீரியா உண்ணக்கூடிய ஒருவகைப் பாலிமரால் ஆன வெண்ணிற மணிகள் கிடக்கின்றன; அடியிலிருந்து ஒரு சிறு பம்ப் தண்ணீரை மேல்நோக்கித் தள்ளி அவற்றைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. மணிகளில் உள்ள கார்பனை உண்டு பெருகும் பாக்டீரியா, தன் உடலைக் கட்டிக்கொள்ளத் தண்ணீரிலிருந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. பிராணவாயு எட்டாத உள்படலத்தில் நைட்ரேட்டின் ஒரு பகுதி நைட்ரஜன் வாயுவாகவும் மாறிப்போகிறது. மணிகளிலிருந்து உதிரும் பாக்டீரியாத் துகள்களை, நுரையைக் கொண்டு கழிவைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் வாரி வெளியேற்றுகிறது. ஆகவே திறன் குறைந்த ஸ்கிம்மர் உள்ள தொட்டிக்கு இந்தக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உருளையின் ஒட்டுவேலையும் மூடியின் ரப்பர் வளையமும் நேர்த்தியாக இருந்தன. ஓராண்டில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. வெளிவழியில் உள்ள வலை மட்டும் மிக நுண்ணியது. பாக்டீரியாப் படலம் படிந்து பத்து நாட்களுக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. ஆனால் எனக்கு உண்மையான மனக்குறை கருவியோடு வந்த விளக்கத்தாளின் மீதுதான். முழு அளவு மணிகளையும் முதல் நாளே போடலாம் என்று அது சொல்கிறது. பழகாத தொட்டியில் அப்படிச் செய்தால் பாக்டீரியா ஒரேயடியாகப் பெருகித் தண்ணீர் பால்போல் கலங்கவும், பிராணவாயு குறைந்து மீன்கள் மேல்மட்டத்தில் மூச்சுக்குத் தவிக்கவும் வாய்ப்புண்டு. உயிர்களை நம்பி விற்கப்படும் ஒரு பொருளில் இந்த எச்சரிக்கை இடம்பெற்றிருக்க வேண்டும். நான் கால் பங்கில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகச் சேர்த்தேன்.

முதல் ஐந்து வாரங்கள் எந்த மாற்றமும் இல்லை. மணிகள் நன்றாகப் புரண்டன, ஸ்கிம்மரும் ஓடியது, நைட்ரேட் மட்டும் 30-ஐ விட்டு அசையவில்லை. காரணத்தை நான் தேடாத இடத்தில் கண்டேன். பாசியைக் கட்டுப்படுத்த கருவி இருக்கும் அதே சம்ப்பில் (கருவிகள் வைக்கும் துணைத்தொட்டி) நெடுநாளாக இரும்பு ஆக்சைடு வடிபொருளையும் வைத்திருந்தேன். அது பாஸ்பேட்டை 0.01 பிபிஎம் வரை உறிஞ்சிவிட்டிருந்தது. கடல்வாழ் நுண்ணுயிர்களின் உடலில் நைட்ரஜன் அணுக்கள் 16-க்குப் பாஸ்பரஸ் அணு 1 என்பது ரெட்ஃபீல்டு விகிதம். எடைக்கணக்கில் பார்த்தால், ஏறத்தாழ 10 பங்கு நைட்ரேட்டை உடலில் சேர்க்க பாக்டீரியாவுக்கு 1 பங்கு பாஸ்பேட் வேண்டும். அந்த ஒரு பங்கை நானே பறித்துக்கொண்டு, கருவி வேலை செய்யவில்லை என்று வருந்தியிருக்கிறேன். இரும்பு ஆக்சைடை எடுத்த இரண்டு வாரங்களில் பாஸ்பேட் 0.06-க்கு ஏறியது, ஒன்பதாம் வாரம் நைட்ரேட் 22, பன்னிரண்டாம் வாரம் 11, பதினைந்தாம் வாரம் 5. கருவி பழுதென்று திருப்பி அனுப்ப நினைப்பவர்கள் முதலில் பாஸ்பேட்டைச் சோதித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

இறங்கத் தொடங்கிய பின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே பெரிய வேலை. ஊட்டம் மிகுந்த தண்ணீரில் ஆல்கலினிட்டி (அமிலத்தைச் சமன்செய்யும் திறன்) 10 டிகேஎச் (அதன் அளவலகு) இருந்தபோது தீங்கு நேரவில்லை. நைட்ரேட் 11-ஐத் தொட்ட வாரத்தில் இரண்டு அக்ரோபோராக் கிளைகளின் நுனிகள் வெளுத்துச் சதை உரிந்தன. அதன் பிறகே ஆல்கலினிட்டியை மெல்ல மெல்ல 7.8-க்குக் கொண்டுவந்தேன். இதை நைட்ரேட் இறங்குமுன்பே செய்திருந்தால் அந்த நுனிகள் பிழைத்திருக்கும் என்றே எண்ணுகிறேன். நைட்ரேட் அளவைப் பூஜ்ஜியம் வரை கொண்டுபோகவும் கூடாது: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் முற்றிலும் தீர்ந்த தொட்டிகளில் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்னும் ஒருசெல் உயிர்கள் பழுப்புச் சளியாகப் படரக்கூடும், அவற்றை ஒழிப்பது நைட்ரேட்டைக் குறைப்பதைவிடக் கடினம்.

பொருத்துவதைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். ரியாக்டரின் வெளிவழிக் குழாயை ஸ்கிம்மர் தண்ணீரை இழுக்கும் இடத்துக்கு மிக அருகே வைக்க வேண்டும். நான் முதலில் சம்ப்பின் மறுமுனையில் விட்டிருந்தபோது தொட்டியின் மணலில் சிவப்புச் சளிப்பாசி படர்ந்தது, குழாயை மாற்றிய மூன்று வாரங்களில் பெரும்பாலும் மறைந்தது. அடுத்தது, மின்சாரம் நின்று பம்ப் பல மணி நேரம் ஓடாமலிருந்தால், உள்ளே தேங்கிய தண்ணீரில் பிராணவாயு தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் வீசினால் அந்தத் தண்ணீரை வாளியில் வடித்துக் கொட்டிவிட்டு, மணிகளைத் தொட்டி நீரில் அலசிய பிறகே இயக்க வேண்டும்.

மீன்கள் குறைவாக உள்ள தொட்டிக்குக் கீட்டோமார்ஃபா பாசி வளர்க்கும் ரெஃப்யூஜியம் என்னும் தனி அறையே போதும். வினிகர் போன்ற திரவக் கார்பனைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பவர்களுக்கு, வேகத்தை நாள்தோறும் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. மணிகளில் அந்த வசதி இல்லை, வால்வைத் திருகி நீரோட்டத்தைக் குறைத்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். எனவே பாக்டீரியாவின் வேலையைக் குறைக்க வேண்டுமானால் சில மணிகளையே வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. எனினும் தீனியைக் குறைக்க முடியாத, நாள்தோறும் அளந்து ஊற்ற நேரமில்லாத என்னைப் போன்றோருக்கு இது பொருத்தமான கருவி. பரிந்துரைத்த அளவில் பாதி மணிகளோடு இப்போது நைட்ரேட் 4 முதல் 6 பிபிஎம்முக்குள் நிற்கிறது, மான்டிபோராப் பவளத்தின் விளிம்புகளில் ஊதா நிறம் திரும்பியிருக்கிறது. மணிகள் கரைந்துகொண்டே வருவதால், ஆறு மாதங்களில் குறைந்த அளவை இரண்டு தவணைகளாகப் பிரித்துச் சேர்த்தேன்.