கேட்காமல் கேட்ட பாட்டு: சோல்சீக்கில் பதினைந்து வருடம்

இணையத்தில் ஒருவருக்கொருவர் பாட்டு ஃபைல்களைப் பகிர்ந்துகொள்கிற சோல்சீக் புரோகிராமை நான் முதன்முதலாக இன்ஸ்டால் செய்தது 2010-ல். அதற்கப்புறம் மூன்று கம்ப்யூட்டர் மாறிவிட்டது, இரண்டு ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, யூசர்நேம் மட்டும் அதேதான். இத்தனை வருடம் பழகிவிட்டு, வேகம் எப்படி, வசதி எப்படி என்று மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை. இதில் நான் எடுத்தது பெரும்பாலும் பெரிய கம்பெனிப் பாட்டு இல்லை. நூறு, இருநூறு பிரதி வந்து தீர்ந்துபோன கேசட்டுகள், கையால் மடித்த அட்டையில் வந்த சிடிகள், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் ரெக்கார்ட் செய்கிறவர்களின் இசை. அந்த மாதிரி ஒருவருடைய பாட்டை எடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம். பழைய பாட்டுப் பகிர்வுச் சேவையான நேப்ஸ்டரில் புரோகிராமராக இருந்த நிர் ஆர்பெல் ஆரம்பித்தது இது. பாட்டு ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொருவர் கம்ப்யூட்டருக்கு நேராகப் போகும். டொரண்ட் மாதிரி பத்துப் பேரிடமிருந்து துண்டு துண்டாக வராது. கொடுப்பவர் கம்ப்யூட்டரை அணைத்தால் நம் டவுன்லோடும் நிற்கும். வரிசையில் நானூறாவது ஆளாக நின்று மூன்று நாள் கழித்து ஒரே ஒரு பாட்டு இறங்கியிருக்கிறது. நெட்வொர்க்குக்கு நன்கொடை கொடுத்தால் வரிசையில் முன்னால் போகலாம். இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். பாட்டுக்காக நான் செலவழித்த அந்தப் பணத்தில் பாட்டுக்காரருக்கு ஒரு காசும் போகவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

நான் இதை விட்டுப் போகாததற்குக் காரணம், ஒருவருடைய மொத்த ஃபோல்டரையும் திறந்து பார்க்க முடிவதுதான். யாரோ ஒருவர் இருபது வருடமாக அடுக்கிவைத்த அலமாரியின் முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். ஒன்றைத் தேடிப் போய், பெயரே கேள்விப்படாத ஒன்பதை எடுத்துக்கொண்டு வருவேன். எந்த ஸ்ட்ரீமிங் பரிந்துரையும் எனக்கு இதைக் கொடுத்ததில்லை. தரத்தில் மட்டும் கவனம் வேண்டும். தரம் குறைந்த 128 கேபிபிஎஸ் எம்பி3-ஐ, தரம் குறையாத வடிவமான ஃப்ளாக் ஆக்கிப் பகிர்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒலி எந்த அதிர்வெண் வரை இருக்கிறது என்று காட்டுகிற ஸ்பெக்ட்ரம் படத்தைத் திறந்தால் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டிய மாதிரி நின்றுவிடும்.

இனி நான் சொல்ல வந்தது.

ஐந்தாறு வருடம் முன்பு ஒரு ராத்திரி சாட்டில் ஒரு மெசேஜ் வந்தது. என் ஃபோல்டரில் இருந்த ஒரு பழைய கேசட்டின் பெயரைச் சொல்லி, "அதில் பாடியது நான்தான். ஆனால் அது என் குரல் இல்லை" என்று இருந்தது. இரண்டு தடவை படித்தும் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். யாரோ வேகமாக ஓடுகிற கேசட் டெக்கில் போட்டு அந்தக் கேசட்டை ரிப் செய்திருக்கிறார்கள், அதாவது கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றியிருக்கிறார்கள். டெக் ஆறு சதவீதம் வேகமாக ஓடினாலே சுருதி அரைப் படி ஏறிவிடும். அவர் குரல் மெலிந்து, சின்னப் பையன் பாடுகிற மாதிரி ஆகியிருந்தது. எனக்கோ அந்தக் குரல்தான் பிடித்திருந்தது. நான் பலருக்குப் பரிந்துரைத்ததும் அந்தக் குரலைத்தான். அந்த ரிப்பை நான் செய்யவில்லை; எடுத்தேன், வைத்திருந்தேன், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். அப்லோடு பட்டியலைப் பார்த்தபோது நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் என்னிடமிருந்து கொண்டுபோயிருந்தார்கள்.

அவர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் மாஸ்டர் டேப்பிலிருந்து (மூலப் பதிவிலிருந்து) எடுத்த ஃபைல்களை அனுப்பி, பழையதை அழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளச் சொன்னார். கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: யார் டிரம்ஸ், யார் பேஸ், எந்த வருடம், யார் வீட்டுக் கராஜில் பதிவு செய்தது என்றெல்லாம். அந்த ஃபைலைப் பிரிக்காமல் பகிர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் நிபந்தனை.

எட்டு வருடமாக அந்தப் பாட்டைக் கேட்டேன்; அவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேசட் அட்டையின் ஸ்கேன் என்னிடமே இருந்தது. அதில் அவருடைய மின்னஞ்சல் முகவரியும் இருந்தது.

அண்டர்கிரவுண்ட் இசையைப் பகிர்வது சரியா தப்பா என்று பேசும்போது பலரும் பெரிய நட்சத்திரங்களை வைத்தே பேசுகிறோம். அங்கே நடுவில் கம்பெனியும் வக்கீலும் இருக்கிறார்கள். இங்கே பாடினவரே கேசட்டைப் பார்சல் கட்டி அனுப்புகிறார். எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருக்கிற ஒருவரிடம் "உங்கள் பாட்டைப் பகிரலாமா" என்று ஒரு வரி கேட்காமல், "சின்ன இசைக்கு விளம்பரம் செய்கிறேன்" என்று நாமாக முடிவு செய்வது எனக்கு இப்போது நியாயமாகப் படவில்லை.

மெட்டாலிகா என்ற ஹெவி மெட்டல் குழுவின் கதையை இதில் எல்லோரும் இழுப்பார்கள். 1982-ல் அவர்களுடைய 'நோ லைஃப் டில் லெதர்' டெமோ (முன்னோட்டப் பதிவு) கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதியாகிக் கைமாறித்தான் பரவியது. அதே குழு 2000-ல் நேப்ஸ்டர் மேல் வழக்குப் போட்டது. இரட்டை வேஷம் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. டெமோ சுற்றியதில் அவர்களுக்குச் சம்மதம் இருந்தது. 2000-ல் அவர்களைக் கிளப்பிவிட்டது, இன்னும் வெளியிடாத ஒரு பாட்டு முழுமையடையாத வடிவத்திலேயே வெளியே போனது. 1981-ல் டெட் கென்னடீஸ் என்ற பங்க் குழுவினர் தங்கள் கேசட்டின் ஒரு பக்கத்தைக் காலியாகவே விட்டு, வீட்டிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். கொடுப்பதும் கொடுக்காததும் பாடினவர் கையில் இருக்க வேண்டும்.

வெளிவராததைக் கேட்காமல் பரப்புகிற தப்பை நானும் செய்திருக்கிறேன். ஒரே ஆள் நடத்துகிற ஒரு லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்), முந்நூறு பிரதி வினைல் இசைத்தட்டு. வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பே அது சோல்சீக்கில் வந்துவிட்டது. எடுத்தேன், ஃபோல்டரில் போட்டேன், சாட் ரூமில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். லேபிள்காரர் அந்த ரூமிலேயே இருந்தார். "அச்சுக்கூலி இன்னும் கட்டி முடியவில்லை, இரண்டு வாரம் பொறுத்திருக்கலாமே" என்று மட்டும் எழுதினார். அந்த லேபிளில் அதற்குப் பிறகு இரண்டு வெளியீடுதான் வந்தது. என்னால்தான் நின்றது என்று சொல்ல முடியாது. ஆனால் என்னால் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2019-ல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம், 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகளை சர்வர் மாற்றத்தில் இழந்துவிட்டதாகச் சொன்னது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பாட்டு. அதில் 4,90,000 பாட்டு மட்டும் பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்துக்கு வந்து சேர்ந்தது, யாரோ முன்பே பிரதி எடுத்து வைத்திருந்ததால். பகிரலாமா என்று நான் எழுதிக் கேட்ட ஒரு குழுவிடமிருந்து, தங்கள் முதல் டெமோ தங்களிடமே இல்லை, அனுப்ப முடியுமா என்று பதில் வந்தது. அனுப்பிவைத்தேன். பகிர்கிறவர்கள் இல்லையென்றால் அந்த நாலு பாட்டு எங்கேயும் இல்லை. அதனால் சோல்சீக்கை மூடிவிட்டுப் போங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் பாவம் போச்சு என்பவர்களுக்கும் ஒன்று. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. நான் கேட்கிற இசையில் பாதி அந்த வரம்பைத் தொடாது.

இப்போது என் பழக்கம் இது. விற்பனையில் இருப்பதை எடுப்பதில்லை. இசைக்காரர்கள் தங்கள் பாட்டை நேராக விற்கிற பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி விற்பவருக்கு. முடிந்தால், அந்தத் தளம் சில வெள்ளிக்கிழமைகளில் அந்த 15-ஐயும் விட்டுக்கொடுப்பதால், அப்படியொரு வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து வாங்குகிறேன். அச்சில் இல்லாததை எடுப்பேன், எடுத்ததும் செய்தவருக்கு எழுதுவேன். பதில் வராவிட்டால் பகிர்கிறேன், மறுவெளியீடு வந்த அன்றே ஃபோல்டரிலிருந்து எடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்றவர்கள் மூன்று பேர், அவர்களுடையதை நீக்கிவிட்டேன். எழுதிய கடிதங்களில் பாதிக்குப் பதிலே இல்லை. அந்தப் பாதியைப் பகிர்வது சரிதானா என்று எனக்கே இன்னும் உறுத்துகிறது.

அந்தக் கேசட்டின் வேகமான ரிப் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாதம் ஒரு தடவை அதன் பெயரைப் போட்டுத் தேடுவேன், யாரிடம் இருந்தாலும் மெசேஜ் அனுப்புவேன்: சரியான வேகத்தில் என்னிடம் இருக்கிறது, டெக்ஸ்ட் ஃபைலோடு எடுத்துக்கொள்ளுங்கள், பழையதை அழித்துவிடுங்கள். போன வாரம் ஏழு பேரிடம் இருந்தது. நாலு பேர் மாற்றிவிட்டார்கள், ஒருவர் பழைய குரலே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார், இரண்டு பேர் இன்னும் ஆன்லைனுக்கு வரவில்லை.