சமையலறைத் தராசோடு 16 மாதங்கள்

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம், ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி அடுப்பு மேடையில் வைத்தேன், சாப்பாட்டை அளந்து சாப்பிட்டு உடம்பு எடையைக் குறைக்க. அப்போது எனக்கு வயது 45, உயரம் 158 செ.மீ., எடை 76 கிலோ. இன்றைக்கு எடை 64.5. இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ.யிலிருந்து 86க்கு வந்திருக்கிறது. தெற்காசியப் பெண்களுக்குச் சொல்லப்படும் உச்ச அளவு 80 என்பதால் இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது.

அதற்கு முந்தைய வருடமும் முயன்றேன். ஒரு நாளைக்கு 1,000 கலோரி, அதோடு ஒரு மணி நேர நடை. ஐந்து வாரம்கூடத் தாங்கவில்லை. மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. விட்டு இரண்டு மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் இரண்டு மூன்று மாதம் தள்ளித்தான் முடி உதிரும் என்று தோல் மருத்துவர் சொன்ன பிறகுதான் காரணம் புரிந்தது. இறங்கிய நாலு கிலோவும் திரும்பி வந்துவிட்டது.

இந்த முறை கணக்கிலிருந்து தொடங்கினேன். எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதைப் போல ஐந்து மடங்கைக் கழித்து, பெண்களென்றால் மேலும் 161 கழிக்க வேண்டும் (ஆண்களென்றால் 5 கூட்ட வேண்டும்). எனக்கு 1,360 வந்தது. சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிக்கிற அளவு அது. வீட்டு வேலை, நடை எல்லாம் சேர்த்து 1.4ஆல் பெருக்கினால் 1,900. அதில் 400 குறைத்து 1,500 என்று வைத்துக்கொண்டேன். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. அப்படியென்றால் மாதம் ஒன்றரை கிலோதான் இறங்கும். அந்த வேகத்தை மனதார ஒப்புக்கொண்டதுதான் போன முறைக்கும் இந்த முறைக்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

முதல் வாரமே ஒரு தப்பு செய்தேன். வடித்த சோற்றை எடை போட்டு, கலோரிக் கணக்கு வைக்கும் கைபேசிச் செயலியில் அரிசி என்று பதிந்துவிட்டேன். 100 கிராம் அரிசியில் 350 கலோரி, அதே 100 கிராம் சோற்றில் 130தான். தண்ணீர் சேர்ந்த எடை அது. ஒரு வாரம் முழுக்க அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறேன் என்று பயந்து பட்டினி கிடந்தேன். புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அரிசியா, சோறா என்று பார்த்துப் பதியுங்கள்.

குழம்புக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாப் பாத்திரங்களின் எடையையும் அடியில் மார்க்கர் பேனாவால் எழுதிவைத்தேன். குழம்பு இறக்கியதும் மொத்தமாக எடை போட்டு, பாத்திர எடையைக் கழித்தால், போட்ட பொருட்களின் மொத்தக் கலோரியை வைத்து என் கிண்ணத்துக்கு எத்தனை கலோரி என்று பிரித்துவிடலாம்.

தராசு எனக்குக் காட்டிக்கொடுத்தது சோற்றை இல்லை, எண்ணெயைத்தான். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மாதம் நாலரை லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 37 மி.லி., அதாவது 300 கலோரிக்கு மேல். தாளிக்கிறபோது கண்ணளவில் ஊற்றுவதை நிறுத்தி, எண்ணெய்த் தூக்கை ஊற்றும் முன்னும் பின்னும் எடை பார்த்தேன். இரண்டு ஸ்பூன் என்று நினைத்த இடத்தில் நாலரை ஸ்பூன் விழுந்திருந்தது. மூன்று மாதத்தில் மாதக் கணக்கு இரண்டரை லிட்டராகக் குறைந்தது. சாப்பாட்டு ருசியில் மாற்றம் இருப்பதாக வீட்டில் யாரும் சொல்லவில்லை. தேங்காய்ச் சட்னியும் இப்படித்தான். இட்லி ஒன்று 60 கலோரிக்குள் முடிந்துவிடும், சட்னியை இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டால் அதுவே இன்னும் இரண்டு இட்லிக்குச் சமம்.

"அளந்து சாப்பிட்டா உடம்புல ஒட்டாதும்மா" என்று அத்தை வருத்தப்பட்டார். அவர் மனம் நோகாமல் இருக்க, என் தட்டை மட்டும் அடுப்படியிலேயே அளந்து எடுத்து வந்தேன்.

அடுத்தது நடை. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். வாரம் ஐந்து நாள், இரண்டு சுற்று, சுமார் 55 நிமிடம். கைக்கடிகாரம் 480 கலோரி என்று காட்டும். அதை நம்பி, முடித்ததும் இரண்டு உளுந்து வடை, சட்னி, ஒரு காபி. எப்படிப் பார்த்தாலும் 400 ஆகும். உண்மையில் என் எடைக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் கூடுதலாகச் செலவாவது 200 சொச்சம்தான். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, இருப்பதிலேயே துல்லியமானதே கலோரிக் கணக்கில் சராசரியாக 27 சதவீதம் தவறியது. அதைப் படித்த நாளிலிருந்து கடிகாரத்தில் நேரத்தையும் தூரத்தையும் மட்டும் பார்க்கிறேன். கடிகாரம் காட்டுவதைத் திருப்பிச் சாப்பிடுவதில்லை.

நடையால் எடை இறங்கவில்லை என்று சொல்லவில்லை. சர்க்கரை, தூக்கம், முட்டிவலி மூன்றிலும் நான் கண்ட முன்னேற்றம் நடையோடுதான் வந்தது. ஆனால் நடந்தால் போதும், சாப்பாட்டைப் பார்க்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆறு மாதத்தில் 68.5. அப்புறம் ஏழு வாரம் முள் நகரவில்லை. அழுகையே வந்தது. திரும்பக் கணக்குப் போட்டபோது இரண்டு விஷயம் தெரிந்தது. எடை குறைந்ததால் உடம்பின் தேவையே 1,900இலிருந்து 1,800ஆக இறங்கியிருந்தது. அதோடு, கண்ணளவு மெல்லத் திரும்பி வந்திருந்தது. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த தோசையை நான் ஒரு நாளும் பதிந்ததில்லை. சாப்பாட்டை மேலும் வெட்டாமல், ஒரு வாரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடை போட்டேன். தினம் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், தயிர், கிடைத்த நாளில் மீன் என்று புரதத்தைக் கூட்டினேன். வாரம் இரண்டு நாள் மூன்று கிலோ டம்பெல்லோடு அரை மணி நேரம் பயிற்சி. கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையக்கூடாது என்பதற்காக அது. மூன்றாவது வாரம் முள் அசைந்தது.

தினசரி எடையைப் பார்த்துப் பதற வேண்டாம். கல்யாண விருந்துக்கு மறுநாள் உப்பினாலேயே ஒரு கிலோ ஏறும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான். ஏழு நாள் சராசரியை எடுத்து, போன வார சராசரியோடு ஒப்பிடுங்கள். தீபாவளி மாதம் நான் எடை குறைக்கவே முயலவில்லை, ஏறாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டு அளவைக் குறைக்கக்கூடாது, சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் இதில் இறங்கவே வேண்டாம்.

கடைசி மூன்று மாதமாக ஏறக்குறைய 1,700 கலோரியில் எடை அப்படியே நிற்கிறது. தராசுக்கு ஒரு தடவை பேட்டரி மாற்றினேன். சோற்றை இப்போது வாரம் இரண்டு நாள்தான் எடை போடுகிறேன், மற்ற நாட்களில் கையே சரியாக எடுக்கிறது. எண்ணெயை மட்டும் இன்றைக்கும் அளந்துதான் ஊற்றுகிறேன். பாத்திரங்களின் அடியில் எழுதிய எண்கள் தேய்த்துத் தேய்த்து அழிந்துபோயின, போன ஞாயிற்றுக்கிழமைதான் உட்கார்ந்து மறுபடி எழுதினேன்.