தராசு அசையவில்லை, பாவாடை நாடா தளர்கிறது: எதை வாங்குவது?

உடம்பைக் குறைக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் காசு கொடுப்பது கண்ணாடி டிஜிட்டல் தராசுக்குத்தான். தராசா, இடுப்பை அளக்கும் டேப்பா, ஒன்றுக்கு மட்டும்தான் காசு இருக்கிறது என்று ஹட்டன், பண்டாரவளைத் தேயிலைத் தோட்டப் பக்கம் கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: தையல்காரர் டேப்பை வாங்குங்கள். தராசு இரண்டாவது.

மழை நாளில் பறித்த தேயிலைக் கொழுந்து நிறை கூடக் காட்டும், அது இலை இல்லை, தண்ணீர் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துத்தான் கணக்குப் போடுவார்கள். உடம்பை நிறுக்கும்போது அப்படி ஈரத்தைக் கழிக்க யாரும் நினைப்பதில்லை. புதிதாக உடற்பயிற்சி தொடங்கினால் தசை வலித்து, அதைச் சரிசெய்ய உடம்பு நீரைப் பிடித்து வைக்கும். முதல் நாள் கருவாடும் உப்புச் சம்பலும் சாப்பிட்டாலும், மாதவிடாய் நெருங்கினாலும் அதே கதைதான். முதல் 3, 4 கிழமை கொழுப்பு கரைந்தும் தராசு அசையாததற்கு இதுவே பெரும்பாலும் காரணம். “கொழுப்பு தசையாகிவிட்டது” என்பது தவறு. ஒன்று மற்றதாக மாறாது. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 1.1 லீற்றர் இடம் பிடிக்கும், ஒரு கிலோ தசை சுமார் 0.95 லீற்றர். வித்தியாசம் சின்னதுதான். ஆனால் போவது வயிற்றிலிருந்து, சேர்வது தொடையிலும் முதுகிலும். அதனால் இடுப்பு அளவு முந்திக்கொள்கிறது.

டேப் வாங்கும்போது 150 செ.மீ. நீளமுள்ள பைபர் கிளாஸ் வகையைக் கேளுங்கள். வெறும் பிளாஸ்டிக் டேப் நாளாக நாளாக இழுபட்டு நீளும். நீண்ட டேப் உங்களை மெலிந்ததாகப் பொய் சொல்லும். பிள்ளைகளின் 30 செ.மீ. அடிமட்டத்தை டேப்பின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் வைத்து, கோடுகள் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். முனைத் தகடு கழன்றிருந்தால் அது வேண்டாம்.

அளப்பதில்தான் கோட்டை விடுகிறோம். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். வயிறு வற்ற வற்ற அந்த இடமே கீழே இறங்கும். கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தேடி, இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். காலை, கழிவறை போய் வந்து, தேத்தண்ணி குடிக்கும் முன். எவ்வளவு குளிரானாலும் ஸ்வெட்டருக்கு மேல் வேண்டாம், தோலில்தான். வயிற்றை எக்காமல் இயல்பாக மூச்சை விட்டு, அந்த முடிவில் எண்ணைப் பாருங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. முதுகுப் பக்கம் சரிந்திருக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முறை அளந்து 1 செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் திரும்ப அளந்து பாருங்கள். பிட்டம், தொடை, மேற்கை அளவுகளையும் எழுதுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை போதும்.

தராசு வாங்குவதானால் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சிமெந்துத் தரையைக் கவனியுங்கள். நான்கு காலும் சமமாக ஊன்றாவிட்டால் எண் தாவும். பாயின் மேல் வைக்கவே கூடாது. சோதிக்க, முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு 5 கிலோ அரிசிப் பையோடு ஏறுங்கள். வித்தியாசம் 5 கிலோவை ஒட்டி வரவேண்டும். மலை உயரத்தால் நிறை மாறுமா என்று சிலர் கேட்கிறார்கள். நுவரெலியா உயரத்தில் 60 கிலோவுக்கு 40 கிராம்கூட வித்தியாசம் வராது. 100 கிராம் படியாகக் காட்டும் தராசுக்கு அது தெரியாது. கொழுப்பு சதவீதம் காட்டும் தராசுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பாதம் வழியாகச் சிறு மின்சாரம் விட்டு ஊகிக்கும் கணக்கு அது. குளிரில் வெடித்த காய்ந்த பாதமும் உடம்பின் நீரும் அதை மாற்றிவிடும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்கள் அதில் ஏறவே கூடாது.

ஆறு கிழமையாகியும் டேப்பும் அசையவில்லை, தராசும் அசையவில்லை என்றால் அது நீர் இல்லை, சாப்பாடு. ஒரு நாளைக்கு 5 கோப்பை தேத்தண்ணி, கோப்பைக்கு 2 தேக்கரண்டி சீனி என்றால் 40 கிராம், சுமார் 160 கலோரி. முதலில் அதில் கை வையுங்கள். கால் வீங்கி நிறை திடீரென ஏறினால் டேப்பை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பதே இடுப்புக்கான எச்சரிக்கைக் கோடு. வாங்கிய அன்றே டேப்பில் அந்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு வையுங்கள்.