நெல்லையில் ஃபைபர், மும்பையில் சர்வர்: சில வருட அனுபவம்

திருநெல்வேலி டவுனில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். 200 எம்பிபிஎஸ் திட்டம். படம் பார்க்க, வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு குறையும் சொல்ல முடியாது. ராத்திரி வேலரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமைத் திறக்கும்போதுதான் இணைப்பின் குணம் தெரியும். நான் ஆடும் சர்வர் மும்பையில்.

இந்த மாதிரி ஷூட்டர் கேமுக்கு ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் தாராளம். அதற்கு வேண்டியது வேகமில்லை, நேரம் தவறாமை. வேலரண்ட் சர்வர் நொடிக்கு 128 முறை கணக்குப் பார்க்கிறது. நம் கணினி அனுப்பும் தரவுத் துண்டு, அதாவது பாக்கெட், பிந்தினாலோ வழியில் தொலைந்தாலோ, நம் திரையில் நாம் சுவருக்குப் பின்னால் போயிருப்போம், சர்வர் கணக்கில் இன்னும் வெளியே நின்றுகொண்டிருப்போம். செத்த பிறகு திட்டிப் பயனில்லை. ஸ்பீட் டெஸ்ட்டில் 200 வருவதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் கஸ்டமர் கேரில் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்: "ஸ்பீடு வருதா சார்?"

பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பதுதான் பிங். எது சரியான பிங் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபைபருக்குள் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். நெல்லையிலிருந்து மும்பை நேர்கோட்டில் 1,250 கிலோமீட்டர் சொச்சம். எங்கள் லைன் சென்னை போய்த்தான் மேற்கே திரும்புகிறது, நடுவில் ரவுட்டர்கள் வேறு. அதனால் எனக்கு 38 என்பது நல்ல பிங். மும்பைக்காரர் 8 வைத்து ஆடுவதைப் பார்த்து வயிறெரிவதில் அர்த்தமில்லை. பிங் 38-லேயே நிற்கிறதா, 38-க்கும் 110-க்கும் நடுவில் குதிக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆட்டம் இழுத்து இழுத்து ஓடினால், அதாவது லேக் வந்தால், நான் செய்வது ஒன்றுதான். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் மூன்று ஜன்னல் திறந்து, மூன்றிலும் நிறுத்தும் வரை பிங்கை அளந்துகொண்டே இருக்கும் பிங் -t கட்டளையை ஓடவிடுவேன். ஒன்று வீட்டு ரவுட்டருக்கு, அதாவது 192.168.1.1. இரண்டாவது, பாக்கெட் போகும் வழியை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட்டில் ரவுட்டரைத் தாண்டி முதலில் வரும் நிறுவனத்தின் முகவரிக்கு. மூன்றாவது 8.8.8.8 மாதிரி வெளியே இருக்கும் ஒன்றுக்கு. முதல் ஜன்னலிலேயே எண் தாவினால் கோளாறு வீட்டுக்குள், பெரும்பாலும் வைஃபை. லேன் கேபிள் இழுத்தால் அத்தோடு முடிந்தது. முதலாவது சுத்தமாக இருந்து இரண்டாவது தாவினால் பெரும்பாலும் தெரு லைன். மூன்றாவது மட்டும் தாவினால் தெருவைத் தாண்டி, நிறுவனத்தின் உள்வழியிலோ அதற்கு அப்பாலோ. போன் செய்வதற்கு முன்பே யார் வீட்டுப் பிரச்சினை என்று தெரிந்துவிடுகிறது.

வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரையும் தொடர்ந்து பிங் செய்து காட்டும் வின்எம்டிஆர் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை. நடுவில் ஏதாவது ஒரு ரவுட்டரில் 60 சதவீதம் லாஸ், அதாவது அவ்வளவு பாக்கெட் தொலைந்தது, என்று சிவப்பாகக் காட்டும். அதற்கு அடுத்த வரிகளில் பூஜ்யம் இருந்தால் அது லாஸே இல்லை. அந்த ரவுட்டர் பிங் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மெனக்கெடவில்லை, அவ்வளவுதான். லாஸ் அங்கே தொடங்கிக் கடைசி வரி வரை இறங்கி வந்தால்தான் கவலை. நடுவரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சண்டைக்குப் போனால், விஷயம் தெரிந்த ஒரு இன்ஜினியர் மறுமுனையில் இருந்தால் ஒரே நிமிடத்தில் புகாரை மூடிவிடுவார்.

சாயங்காலம் மட்டும் லேக் வந்தால் நெரிசல் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் போன். வைஃபைக்குள் வந்ததும் கோயில் வீடியோக்களெல்லாம் பேக்கப் ஏறத் தொடங்கும். அப்லோட் நிரம்பினால் பாக்கெட்டுகள் ரவுட்டருக்குள் வரிசையில் நிற்கும், பிங் 200 தாண்டும். இதற்குப் பெயர் பஃபர்புளோட். நிறுவனம் கொடுக்கும் பெட்டியில் இதற்கு வழியில்லை. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய சொந்த ரவுட்டர் வாங்கி, அதில் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம்-மில் கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, வேகத்தை 90 சதவீதத்தில் கட்டிப்போட்டேன். 20 எம்பிபிஎஸ் போனது போகட்டும். இந்தச் சில வருடங்களில் செலவழித்த காசுக்கு அதிகப் பலன் தந்தது இதுதான்.

தெரு லைனில் வந்த கோளாறுதான் ஆட்டிப்படைத்தது. ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதிகளில் குறுக்கே போகும் வயர்களையெல்லாம் கழற்றிவிட்டு அப்புறம் திரும்பக் கட்டுவார்கள். ஒரு வருடம் தேர் நிலைக்கு வந்த மறுநாளிலிருந்து இரண்டாவது ஜன்னலில் ரிக்வெஸ்ட் டைம்டு அவுட். ஸ்பீட் டெஸ்ட்டோ 190. லைன்மேன் வந்தார், பார்த்தார். "ஸ்பீடு வருதுல்லா தம்பி, கேம்ல ஏதோ பிரச்சினையா இருக்கும்" என்றார். போகும்போது புகாரை முடிக்க ஓடிபி கேட்டார். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் தீர்ந்துவிட்டது என்று பதிவாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். "ராத்திரி ஆடிப் பாத்துட்டுச் சொல்றேன் அண்ணே" என்று அனுப்பிவைத்தேன்.

மோடத்தின் செட்டிங்ஸில் ஆப்டிகல் என்றொரு பக்கம் உண்டு. அதில் ஆர்எக்ஸ் பவர் என்ற எண்ணைப் பாருங்கள், மோடத்துக்கு வந்துசேரும் ஒளியின் அளவு அது. என் லைனில் எப்போதும் -19 டிபிஎம் இருந்தது, அன்றைக்கு -28. மூன்று டிபி குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும், ஒன்பது குறைந்தால் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். பெரும்பாலான மோடங்களுக்கு -27, -28 தான் எல்லை. லைன் சாகவும் இல்லை, சரியாக ஓடவும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்திருந்தால் அன்றே ஓடி வந்திருப்பார்கள்.

அந்த எண்ணைச் சொன்னதும் லைன்மேனின் பேச்சே மாறியது. பவர் மீட்டரும் லேசர் பேனாவும் எடுத்துவந்தார். எங்கள் முனையிலிருந்து சிவப்பு லேசர் அடித்துவிட்டு போஸ்டில் ஏறி ஜாயிண்ட் பெட்டியைத் திறந்தால், மூடிக்கு அடியில் மாட்டி மடங்கியிருந்த இடத்தில் இழை பளிச்சென்று சிவந்து ஒளிர்ந்தது. அங்கேதான் ஒளி கசிந்திருக்கிறது. வெட்டி, ஸ்பிளைஸ் போட்டு ஒட்டி, சுருளைத் தளர்த்தி வைத்தார். -20 வந்தது. லாஸ் பூஜ்யம். ஓடிபியையும் சொல்லிவிட்டேன்.

ஆகவே புகார் கொடுக்கும்போது 'கேம்' என்ற சொல்லையே எடுக்காதீர்கள். "வீடியோ கால் அறுந்து போகுது, முதல் ஹாப்பிலேயே பாக்கெட் லாஸ் இருக்கு, ஆர்எக்ஸ் பவர் இவ்வளவு" என்று சொல்லுங்கள். ஹாப் என்றால் வழியில் வரும் ஒவ்வொரு ரவுட்டர். போனில் சொன்னதை மெயிலிலும் போடுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிக்காது. ஆனால் அது 2012-ல் கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டுக்கு ஓர் அமைப்பு இருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. புகார் எண் இருந்தால்தான் அங்கே போக முடியும். நான் போனதில்லை. மேல்முறையீடு செய்யப்போகிறேன் என்று ஒரு மெயில் போட்டதற்கே மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

தீராத குறை ஒன்று உண்டு. சிங்கப்பூர் சர்வருக்குச் சென்னையிலிருந்து கடலடி கேபிள் இருக்கிறது. எங்கள் நிறுவனமோ மும்பை வரை போய்விட்டுத்தான் சிங்கப்பூருக்குத் திரும்புகிறது, பிங் 90 தாண்டுகிறது. இதற்கு லைன்மேனும் சூப்பர்வைசரும் ஒன்றும் செய்ய முடியாது. கேம் தரவை வேறு பாதையில் திருப்பிவிடும் கேமிங் விபிஎன் உதவுவது இந்த ஒரு இடத்தில்தான், அதுவும் அதன் சென்னை சர்வர் நல்ல பாதையில் இருந்தால். வீட்டு வைஃபைக்கும் மடங்கிய ஃபைபருக்கும் அதை வாங்குவது வீண் செலவு. சிங்கப்பூர் நண்பர்கள் அழைக்கும் வார இறுதிக்காக ஒரு மாதம் கட்டிப் பார்த்தேன், 62 வந்தது. மற்ற நாட்களில் மும்பையே போதும் என்று விட்டுவிட்டேன்.