அட்டனா, தோஹாவா?

"இந்த நாடே வெறுத்துப் போச்சு, கட்டாரின் தோஹாவுக்கு வேலைக்குப் போகலாமா?" என்று இலங்கை மலையகத்தின் அட்டன் பக்கத்து இளைஞர் கேட்டால், 2022இன் பெட்ரோல் வரிசை மட்டும் காரணமில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் பல குடும்பங்களைப் பிரித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளம் 1000 ரூபாயாக உயர 2021 வரை போராட வேண்டியிருந்தது. அதிலும் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். தலைமுறைகளாக இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, உறுதிப்பத்திரம் இல்லாதவர்களே அதிகம். இவ்வளவுக்கும் பிறகு நாட்டுப்பற்று பற்றி அவர்களுக்கு வகுப்பெடுக்க எனக்கு மனமில்லை.

சரி, தோஹா? சம்பளம் அங்கே கூடுதல்தான், வீட்டுக் கடனும் அடையும். ஆனால் தங்குமிடம் பெரும்பாலும் ஒரே அறையில் பலர் படுக்கும் கேம்ப். அதற்கு லயமே தேவலை, அம்மா பக்கத்தில் இருப்பார். வெயில் வேறு! பனியில் வளர்ந்த உடம்புக்கு ஜூலை மாதம் பெரிய தண்டனை. எத்தனை வருடம் உழைத்தாலும் குடியுரிமை கிடைப்பது அநேகமாக நடக்காத காரியம். வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். இங்கே வாக்குரிமையாவது இருக்கிறது, அதை வைத்துச் சண்டை போடலாம்.

கையில் மின்வேலை, வெல்டிங் என்று ஏதாவது தொழில் இருந்தால் போகலாம் என்பேன். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போவதென்றால் மிகவும் யோசிக்க வேண்டும், மூடிய கதவுக்குள் நடப்பதைக் கேட்க ஆளில்லை. எதுவானாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல், சுற்றுலா விசாவில் மட்டும் ஏறாதீர்கள்.