கோவா ஃபிலிம் பஜார் அமர்வுகள்: சில ஆண்டுகள் கழித்து எது கைகொடுக்கிறது

கோவாவில் நவம்பர் மாதம் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும் நாட்களிலேயே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி.யின் ஃபிலிம் பஜாரும் நடக்கும். 2007இல் தொடங்கியது, 2025இல் வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்று பெயர் மாறியது. படம் வாங்க வருகிறவர்கள், படங்களை வெளிநாடுகளில் விற்றுத் தரும் சேல்ஸ் ஏஜென்ட்கள், விழாக்களுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் புரோகிராமர்கள் எல்லாரும் அங்கே வருவார்கள். நாலெட்ஜ் சீரிஸ் என்ற பெயரில் அங்கு நடக்கும் அமர்வுகளையும், வெளியே போய்க் கற்ற சில சிறு பயிலரங்குகளையும் நம்பித்தான் என் முதல் முழுநீளப் படத்தை விழாக்களுக்கு அனுப்பினேன். அந்தச் சுற்று முடிந்து நாளாகிவிட்டது. கேட்டதில் பாதி மறந்துவிட்டது. மறக்காத பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் பிரீமியர். ஒரு படத்துக்கு உலகின் முதல் திரையிடல் ஒரே ஒரு முறைதான். வெனிஸ் போட்டிப் பிரிவுக்கு உலக பிரீமியர் கட்டாயம். சில விழாக்கள், சொந்த நாட்டில் திரையிட்ட படமாக இருந்தாலும் வெளிநாட்டில் காட்டாமல் இருந்தால் ஏற்றுக்கொள்ளும். அதாவது, சென்னையில் ஒரு விழாவில் காட்டினால் உலக பிரீமியர் போய்விடும், சர்வதேச பிரீமியர் மிச்சமிருக்கும். பணம் கட்டினால் மாதாமாதம் விருது கொடுக்கும் ஏதோ ஒரு வெளிநாட்டு விழாவில் முதலில் காட்டினால் இரண்டும் போச்சு. விழாவில் தேர்வானதைக் காட்டும் இலைச் சின்னத்தைப் போஸ்டரில் போட வேண்டும் என்று படக்குழுவில் எல்லாருக்கும் ஆசை இருக்கும், தயாரிப்பாளருக்கு இன்னும் அதிகமாக இருக்கும். மாதக்கணக்கில் பதிலே வராத நேரத்தில் அவரைப் பொறுமையாக இருக்க வைத்தது, அமர்வில் நான் எழுதி வைத்திருந்த நாட்காட்டிதான்: ரோட்டர்டாம் ஜனவரி இறுதி, பெர்லின் பிப்ரவரி, கான் மே, லொகார்னோ ஆகஸ்ட், அதன் பின்னாலேயே வெனிஸும் டொராண்டோவும். ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி பல மாதங்கள் முன்னாலேயே வந்துவிடும்.

இதனால்தான், படம் முடிந்த பிறகு இந்த அமர்வுகளுக்குப் போவதில் பெரிய பயனில்லை என்கிறேன். எடிட்டிங் நடக்கும்போதே போக வேண்டும். கன்னடப் படமான ‘திதி’ ஃபிலிம் பஜாரின் வொர்க் இன் புரோகிரஸ் லேபுக்கு முடிவடையாத நிலையில் வந்த படம். 2015 ஆகஸ்டில் லொகார்னோவின் ‘ஃபிலிம்மேக்கர்ஸ் ஆஃப் தி பிரசென்ட்’ பிரிவில் தங்கச் சிறுத்தை விருதை வென்றது. முதல்கட்டத் தொகுப்பான ரஃப் கட் நிலையில் வெளியாள் ஒருவர் பார்த்துக் கருத்து சொன்னால் அதைச் சரிசெய்ய நேரம் இருக்கும். தியேட்டரில் ஓட்டும் இறுதி டிஜிட்டல் பிரதியான டிசிபி எடுத்த பிறகு யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

மேடைக் கலந்துரையாடல்கள் எனக்கு அவ்வளவாக உதவவில்லை. நான்கு பேர் உட்கார்ந்து தங்கள் வெற்றிக் கதையைச் சொல்வார்கள், உற்சாகமாக இருக்கும், ஊருக்கு வந்து என்ன செய்வது என்று தெரியாது. மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்காரும் பயிலரங்குகள்தான் தங்கம். ஒன்றில், பயிற்சி தந்தவர் எங்கள் கதைச்சுருக்கங்களை உரக்கப் படித்து, எந்த வரியில் தன் ஆர்வம் குறைந்தது என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். இன்றும் எதை எழுதினாலும் அந்தக் கோடு எங்கே விழும் என்று பார்க்கிறேன். இன்னொன்றில் சேல்ஸ் ஏஜென்ட் ஒப்பந்தத்தை வரி வரியாகப் பிரித்தார்கள். நாம் கமிஷன் எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்ப்போம். விளம்பரம், பயணம், சந்தைச் செலவு என்று ஏஜென்ட் முதலில் கழித்துக்கொள்ளும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் அதைவிட முக்கியம். அது இல்லாவிட்டால் படம் விற்றாலும் நம் கைக்குக் காசு வராது. விழாவுக்குப் படம் அனுப்பும் கட்டணத்தில் விலக்கு கேட்டுக் கடிதம் எழுதலாம், தேர்வான படத்துக்குத் திரையிடல் கட்டணம் கேட்கலாம் என்பதையும் அங்கேதான் கற்றேன். மரியாதையாகக் கேட்டால் சில விழாக்கள் தருகின்றன.

எல்லாப் பயிலரங்கும் இப்படி இல்லை. நல்ல தொகை வாங்கிக்கொண்டு இணையத்தில் நடந்த ஒன்று, நாள் முழுக்க விழாப் பெயர்களைப் பட்டியல் போட்டுக் காட்டியது. விழாக்களுக்குப் படம் அனுப்பும் இணையதளமான ஃபிலிம்ஃப்ரீவேயில் அரை மணி நேரம் செலவிட்டால் யாருக்கும் கிடைக்கிற தகவல் அது. சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: என் படத்தின் பிரதியையோ கதைச்சுருக்கத்தையோ யாராவது பார்ப்பார்களா? இல்லை என்றால் வேண்டாம்.

குறும்படக்காரர்களுக்கு நான் போன அமர்வுகளில் எதுவும் பெரிதாகக் கிடைக்கவில்லை. பிரான்ஸின் கிளெர்மோன் ஃபெராண்ட் போன்ற குறும்பட விழாக்களின் உலகமே தனி, அதற்குத் தனி வகுப்பு வேண்டும். சப்டைட்டில் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. கரிசல் பேச்சை இரண்டு வரி ஆங்கிலத்தில் அடக்கும்போது என்ன போகிறது, எதைக் காப்பாற்றலாம் என்பதை ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் பேச முடியாது. என் எடிட்டர் தம்பி அருமையான வேலைக்காரன், ஆனால் அந்த ஆங்கிலத்துக்குப் பயந்தே ஒரு அமர்வில் பாதியிலேயே எழுந்து போய்விட்டான். டிசம்பரில் சென்னைத் திரைப்பட விழாவுக்கு இத்தனை பேர் வருகிறார்கள். அதில் ஒரே ஒரு நாள், மேசையைச் சுற்றி, தமிழில் நடத்தினால்கூட அவனைப் போன்றவர்கள் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த படத்தின் ரஃப் கட்டோடு நவம்பரில் மறுபடி கோவா போகிறேன், இந்த முறை தம்பியையும் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு.